அது நானாக இருந்தால்தான் என்ன?

நான் கல்யாண வீடுகளில் படம் எடுப்பவள். அசோக் நகரில், அசோக் பில்லரிலிருந்து நடக்கிற தூரத்தில், ஒரு பழைய அடுக்குமாடியின் முதல் மாடியில் குடியிருக்கிறேன். எதிர் வரிசையில் மூன்று லேடீஸ் ஹாஸ்டல்கள். விழுப்புரம், தேனி, திருநெல்வேலி என்று எங்கெங்கிருந்தோ வந்து, காலையில் மெட்ரோ பிடித்துக் கிண்டிக்கும் ஆலந்தூருக்கும் வேலைக்கு ஓடுகிற பெண்கள். பாஸ்போர்ட் படம், வேலைக்கு விண்ணப்பிக்கும் படம், மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பும் படம் என்று ஏதாவது ஒன்றுக்காக என் வீட்டுப் படி ஏறுவார்கள். அவர்களுக்கு நான் 'கேமரா அக்கா'.

ஒரு நாள் இரவு, ஹாஸ்டல் கேட்டைப் பூட்டும் நேரத்துக்குச் சற்று முன்னால், இரண்டு பெண்கள் வந்தார்கள். ஒருத்தி உள்ளே வந்து உட்கார்ந்தாள். துணைக்கு வந்தவள் வாசலிலேயே நின்றாள். உட்கார்ந்தவள் போனை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு கேட்டாள்:

"அக்கா, ஒரு போட்டோ எந்தப் போன்ல எடுத்ததுன்னு கண்டுபிடிக்க முடியுமா?"

வாட்ஸ்அப்பில் அவள் வைத்திருந்த முகப்புப் படத்தை யாரோ எடுத்து, முகத்தை மட்டும் வெட்டி, வேறொரு உடம்பில் ஒட்டி, அவளுடைய சொந்தக்காரர்கள் குழுவுக்கு அனுப்பியிருந்தார்கள். ஒரு வாரமாக அப்பா அவளுடன் பேசவில்லை. புகார் கொடுக்கப் போன இடத்தில் கேட்ட முதல் கேள்வி, "இது உன் போன்ல எடுத்ததா?" என்பது.

"இது என் போன்ல எடுத்தது இல்லன்னு ஒரு பேப்பர் எழுதிக் குடுத்தாப் போதும்க்கா. அப்பாகிட்ட காட்டணும்."

நீதிமன்றத்தில் காட்ட அல்ல. அப்பாவிடம் காட்ட.

நான் உற்சாகமாகிவிட்டேன். தெரிந்த வேலை. லேப்டாப்பைத் திறந்தேன். முகத்தில் வெளிச்சம் இடப்பக்கத்து ஜன்னலிலிருந்து விழுகிறது. உடம்பில் நேரெதிரே ஃப்ளாஷ். கழுத்தோரத்தில் தோலின் நிறம் சட்டென்று மாறுகிறது. "பாரு, அப்பட்டமான ஒட்டு வேலை" என்றேன். அவள் அழுதாள், சிரித்தாள், அங்கிருந்தே வீட்டுக்குப் போன் போட்டாள். "அப்பா, அது நான் இல்லப்பா. கேமரா அக்காவே சொல்லிட்டாங்க." ஒரு நல்ல காரியம் செய்த நிறைவோடு நான் காபி போடப் போனேன். வாசலில் நின்றவள் எப்போது இறங்கிப் போனாள் என்பதை நான் கவனிக்கவில்லை.

மூன்று வாரம் கழித்து அவள் தனியாக வந்தாள்.

"அவளுக்கு 'அது நான் இல்ல'ன்னு சொல்ல முடிஞ்சுது. என்னோட படத்துல இருக்குறது நான்தான்க்கா. என் போன்தான். நான்தான் எடுத்து அவனுக்கு அனுப்புனேன். அவன் ஊருக்கே அனுப்பிட்டான். எனக்கு நீங்க என்ன பேப்பர் தருவீங்க?"

என்னிடம் பதில் இல்லை. இருவரிடமும் கேட்டுக்கொண்டு, அவர்கள் யாரென்று தெரியாதபடி மாற்றித்தான் இதை எழுதுகிறேன். அவளுக்கு அன்று சொல்லத் தெரியாத பதிலைத்தான் இங்கே சொல்லப் பார்க்கிறேன்.

*

முதலில் அந்தக் கேள்விக்கே வருவோம். ஒரு டிஜிட்டல் படத்தை எடுத்த கேமராவைக் கண்டுபிடிக்க முடியுமா? முடியும். இரண்டு வழிகள் உண்டு.

முதல் வழி, படத்தோடு ஒட்டிக்கொண்டு வரும் தகவல். 1995இல் ஜப்பானியத் தொழில் அமைப்பொன்று வகுத்த எக்ஸிஃப் என்ற முறைப்படி, கேமராவின் பெயர், மாடல், எடுத்த நாள், நேரம், ஜி.பி.எஸ். திறந்திருந்தால் எடுத்த இடம் எல்லாம் படக் கோப்புக்குள்ளேயே பதிவாகின்றன. 2012 டிசம்பரில், தலைமறைவாக இருந்த கணினித் தொழிலதிபர் ஜான் மெக்காஃபி குவாத்தமாலாவில் இருப்பதை ஊருக்குச் சொன்னது, அவரைப் பேட்டி கண்ட பத்திரிகை வெளியிட்ட ஒரு படத்துக்குள் இருந்த இந்தத் தகவல்தான். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படத்திலிருந்து இது நீக்கப்பட்டுவிடும். அதே படத்தை 'டாக்குமென்ட்' ஆக அனுப்பினால் அப்படியே போகும். அடிக்கும் கணவனிடமிருந்து தப்பி வந்து ஒரு தோழியின் வீட்டில் தங்கியிருக்கும் பெண்ணுக்கு இந்த ஒரு வரி உயிர் காக்கும் தகவல். அவள் அனுப்பும் படம் அவள் இருக்கும் தெருவையும் சேர்த்துச் சொல்லிவிடலாம்.

இரண்டாவது வழி நுட்பமானது. நம் வீட்டுத் தோசைக்கல்லை நினைத்துக்கொள்ளுங்கள். எந்தக் கல்லும் எல்லா இடத்திலும் ஒரே சீராகச் சூடேறுவதில்லை. ஓரிடத்தில் கொஞ்சம் தூக்கலாகச் சிவக்கும், ஓரிடம் எப்போதும் வெளுப்பாகவே நிற்கும். ஒரு தோசையைப் பார்த்தால் தெரியாது. ஐம்பது தோசையை ஒன்றன்மேல் ஒன்றாக ஒப்பிட்டால், இது இந்தக் கல்லில் வார்த்தது என்று சொல்லிவிடலாம். கேமராவுக்குள் ஒளியை வாங்கும் சென்சாரும் அப்படித்தான். அதிலுள்ள லட்சக்கணக்கான புள்ளிகளும் ஒளிக்கு ஒரே அளவில் எதிர்வினை காட்டுவதில்லை. சிலிக்கான் தகட்டின் இயல்பிலும் தயாரிப்பிலும் வரும் நுண்ணிய ஏற்றத்தாழ்வு அது. அந்தக் கேமரா எடுக்கும் ஒவ்வொரு படத்திலும் கண்ணுக்குத் தெரியாத இரைச்சலாக அது பதிந்துவிடுகிறது. பல படங்களைச் சேர்த்து, காட்சியை விலக்கி, இந்த இரைச்சலை மட்டும் வடித்தெடுத்தால் அதுதான் அந்தக் கேமராவின் கைரேகை.

இதை 2006இல் நிறுவிக் காட்டிய ஆய்வுக் குழுவில் முக்கியமானவர் ஒரு பெண்: நியூயார்க் மாநிலத்தின் பிங்கம்டன் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜெசிகா ஃப்ரிட்ரிச். ரூபிக்ஸ் கியூபை வேகமாகத் தீர்க்கும் முறைக்கும் அவர் பெயர்தான் வழங்குகிறது. யான் லுகாஷ், மிரோஸ்லாவ் கோல்யான் ஆகியோருடன் சேர்ந்து ஒன்பது கேமராக்களை வைத்து அவர் சோதித்தார். ஒரே மாடலைச் சேர்ந்த கேமராக்களையும் பிரித்தறிய முடிந்தது. படத்தின் ஒரு பகுதி வேறு கேமராவிலிருந்து வந்து ஒட்டப்பட்டிருந்தால் அந்த இடத்தில் கைரேகை ஒத்துப்போகாது. ஆக, ஒட்டு வேலையையும் காட்டிக்கொடுக்கலாம்.

எல்லைகளும் உண்டு. வாட்ஸ்அப்பில் கைமாறிக் கைமாறிச் சுருங்கிய படத்தில் இந்தக் கைரேகை மங்கிவிடும். இன்றைய போன்கள் பல படங்களை ஒரே நொடியில் எடுத்துக் கலந்து ஒன்றாகத் தருவதால் வேலை இன்னும் கடினம். செயற்கை நுண்ணறிவு உருவாக்கும் படத்துக்கோ கேமராவே கிடையாது. எல்லாவற்றுக்கும் மேலாக, கைரேகை கேமராவுக்குத்தான்; கேமராவைப் பிடித்திருந்த கைக்கு அல்ல.

*

இந்தக் கருவி நமக்கு உதவுமா என்றால், கேமரா யாருடையது என்பதைப் பொறுத்தது.

2018 டிசம்பரில் ஆதம்பாக்கத்தில் ஒரு பெண்கள் விடுதியில் ரகசிய கேமராக்கள் கண்டுபிடிக்கப்பட்டன. பிளக் பாயின்ட் போன்ற இடங்களில் ஒளித்து வைத்திருந்தார்கள். கண்டுபிடித்தது காவல்துறை அல்ல, அங்கே தங்கியிருந்த பெண்கள். போனில் ஒரு செயலியை இறக்கித் தேடினார்கள். கைதானவர் விடுதியை நடத்தியவரே. இப்படிப்பட்ட வழக்கில் 'எந்தக் கேமரா' என்ற கேள்வி குற்றவாளியின் வாசலுக்கு நேராகக் கொண்டுபோய் விடும். படமும் கேமராவும் பொருந்தினால், 'இது எனக்குச் சம்பந்தமில்லை' என்று யாரும் கைகழுவ முடியாது. இதற்காக மயிலாப்பூர் காமராஜர் சாலையில் உள்ள தடய அறிவியல் துறைக்கு எவ்வளவு ஆளும் கருவியும் வேண்டுமோ கொடுங்கள் என்று நானே கேட்பேன். 1849இல் சென்னையில் தொடங்கிய ரசாயனப் பரிசோதனைக் கூடத்திலிருந்து வளர்ந்து வந்த துறை அது. விஷத்தைக் கண்டுபிடிக்கத் தொடங்கிய இடம், நம் காலத்து விஷத்தையும் கண்டுபிடிக்கட்டும்.

ஆனால் என் வீட்டுக்கு வந்த இரண்டு பெண்களின் படங்களை யோசித்துப் பாருங்கள். முதலாமவளின் முகம் அவளே எடுத்த செல்ஃபி. இரண்டாமவளின் படமும் அவளே எடுத்தது. கைரேகையைப் பிடித்துக்கொண்டு போனால் இரண்டு தடமும் அவர்கள் கைப்பைக்குள் இருக்கும் போனில் போய்த்தான் நிற்கும். அறிவியல் பிழையில்லாமல் வேலை செய்யும். செய்து முடித்துவிட்டுப் பாதிக்கப்பட்டவளைச் சுட்டிக்காட்டும். 'பார், உன் போன்தான்' என்று சொல்ல ஒரு அண்ணனுக்கோ அதிகாரிக்கோ அதற்குமேல் என்ன வேண்டும்?

'எந்தப் போனில் எடுத்தது' என்று நம்மிடம் கேட்பவர்கள் பெரும்பாலும் கேமராவைத் தேடவில்லை. 'நீ எடுக்க விட்டாயா?' என்பதைத்தான் நாகரிகமாகக் கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கு ஆய்வகம் வேண்டாம். அதை நம் வீட்டுக் கூடத்திலேயே தலைமுறை தலைமுறையாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

*

2016 ஜூனில் சேலம் மாவட்டத்தில் 21 வயதுப் பெண் ஒருவரின் முகத்தை ஆபாசப் படத்தில் ஒட்டி ஃபேஸ்புக்கில் போட்டார்கள். தந்தை காவல்துறையிடம் போனார். நாட்கள் ஓடின. இன்னொரு படமும் வந்தது. தான் யாருக்கும் படம் அனுப்பவில்லை, பெற்றோரே தன்னை நம்பவில்லை என்று எழுதி வைத்துவிட்டு அந்தப் பெண் உயிரை விட்டார். மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் பிறகு மன்னிப்புக் கேட்டார். படத்தைப் போட்டதாகக் கைதானவர், அந்தப் பெண்ணைத் திருமணத்துக்குக் கேட்டு மறுக்கப்பட்டவர்.

பொய்ப் படம் என்று நிரூபணமாகியிருந்தால் அவர் பிழைத்திருப்பார் என்று அன்று எல்லோரும் எழுதினார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். இன்று அந்த வாக்கியத்தைப் பார்த்தால் எனக்கு நடுங்குகிறது. பொய் என்று நிரூபித்தால் பிழைக்கலாம் என்றால், மெய்யாக இருந்தால்? அப்போது சாவு நியாயமா? 'அவள் அப்படிப்பட்டவள் இல்லை' என்று நாம் உருகி உருகிச் சொல்லும்போதெல்லாம், 'அப்படிப்பட்டவள்' ஒருத்தி வாசலில் நின்று கேட்டுவிட்டு இறங்கிப் போகிறாள். அன்றிரவு என் வீட்டில் நடந்தது அதுதான். ஒருத்திக்கு நான் கொடுத்த நற்சான்றிதழ், இன்னொருத்திக்கு எழுதிய தீர்ப்பாகிவிட்டது.

பொய்ப் படமோ மெய்ப் படமோ, குற்றம் ஒன்றுதான்: அவளுக்கு விருப்பமில்லாமல் பரப்பியது. இதை நான் மட்டும் சொல்லவில்லை, சட்டமே சொல்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவு, ஒருவரின் அந்தரங்க உறுப்புகளின் படத்தை அவர் ஒப்புதல் இல்லாமல் எடுப்பதை மட்டுமல்ல, வெளியிடுவதையும் அனுப்புவதையும் தனித்தனியே குற்றம் என்கிறது. 3 ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 2013இல் இந்திய தண்டனைச் சட்டத்தில் 354சி ஆகச் சேர்க்கப்பட்டு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 77ஆவது பிரிவாக இருக்கும் சட்டத்தில் ஒரு விளக்கம் இருக்கிறது. ஒவ்வொரு மாணவியும் மனப்பாடம் செய்ய வேண்டியது அது: படம் எடுக்க அவள் சம்மதித்திருந்தாலும், மற்றவர்களுக்குப் பரப்பச் சம்மதிக்கவில்லை என்றால், பரப்பியது குற்றம்.

அதாவது 'நீ எடுக்க விட்டாயா?' என்ற கேள்விக்குச் சட்டத்திலேயே இடமில்லை. எடுத்தாள். அனுப்பினாள். அது அவள் இஷ்டம். அதற்குப் பிறகு நடந்ததுதான் வழக்கு.

ஆனால் அதே தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67ஆவது பிரிவு வேறொரு கேள்வி கேட்கிறது: இது ஆபாசமா? அங்கே அவள் சம்மதம் ஒரு பொருட்டே இல்லை. ஆபாசத்தைக் கேட்கும் சட்டம் அவள் உடம்பைப் பார்க்கிறது. சம்மதத்தைக் கேட்கும் சட்டம் அவன் செயலைப் பார்க்கிறது. புகார் எழுதும்போது எந்தப் பிரிவைப் போடுகிறார்கள் என்று எட்டிப் பாருங்கள். அந்த எண்ணிலேயே அரசியல் இருக்கிறது.

*

தடம் பிடிக்கத் தெரியாத அரசு அல்ல நம்முடையது. ஆனால் அது முதலில் யாருடைய தடத்தை வெளியே விடுகிறது என்று பாருங்கள்.

பொள்ளாச்சியில் 2019இல் ஒரு பெண் துணிந்து புகார் கொடுத்தார். காவல் கண்காணிப்பாளர் செய்தியாளர் சந்திப்பிலேயே அவர் பெயரைச் சொன்னார். வழக்கை சி.பி.ஐ.க்கு மாற்றிய அரசாணையிலும் பெயர் வந்தது. அவருக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்க உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட வேண்டியிருந்தது. 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் மாணவிக்கு நடந்த கொடுமையில், முதல் தகவல் அறிக்கையே அவர் விவரங்களோடு வெளியே கசிந்தது. மறுபடியும் உயர் நீதிமன்றம், மறுபடியும் 25 லட்சம். 2025 ஜூலையில், தன் அந்தரங்கக் காணொளி இணையத்தில் பரவுவதைத் தடுக்கக் கோரி ஒரு பெண் வழக்கறிஞர் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தார். 48 மணி நேரத்துக்குள் நீக்க நடவடிக்கை எடுக்குமாறு ஒன்றிய அமைச்சகத்துக்கு நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் உத்தரவிட்டார். காணொளியில் இருக்கும் ஆணை அடையாளம் காட்டுவதற்காக என்று சொல்லி, ஏழு ஆண் காவலர்கள் இருக்கும்போது அந்தப் பெண்ணை அதைப் பார்க்க வைத்ததாக அதே நீதிமன்றத்தில் சொல்லப்பட்டது. ஒரு வழக்கறிஞருக்கே இந்தக் கதி. ஹாஸ்டல் பெண்ணுக்கு?

சரியான திசையில் தடம் பிடித்தால் என்ன நடக்கும் என்பதற்கும் பொள்ளாச்சியே சாட்சி. அங்கே காணொளிகளை எடுத்தவர்கள் குற்றவாளிகள். அவர்களுடைய கருவிகளிலிருந்துதான் மின்னணுச் சாட்சியம் எடுக்கப்பட்டது. 2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை விதித்தது. பாதிக்கப்பட்ட பெண்களுக்கு மொத்தம் 85 லட்சம் ரூபாய் இழப்பீடு. கருவி மட்டும் அந்தத் தீர்ப்பைக் கொண்டுவரவில்லை. ஆறு ஆண்டுகள் ஊர் வாயைத் தாங்கிக்கொண்டு, கூண்டில் ஏறி, சொன்ன சொல் மாறாமல் நின்ற பெண்கள் கொண்டுவந்தார்கள். அவன் போனில் தேடினார்கள், அவள் சொல்லை நம்பினார்கள். வேண்டியது இந்த வரிசைதான். நம் வீடுகளிலும் நிலையங்களிலும் நடப்பதோ தலைகீழ்: அவள் போனைத் தேடுவார்கள், அவன் சொல்லை நம்புவார்கள்.

*

இன்னொரு வலையையும் சொல்லிவிட வேண்டும். நம் பெயரைச் சொல்லி விரிக்கப்படும் வலை அது.

2018இல் சென்னை உயர் நீதிமன்றத்தில், இணையத் தொல்லைகளைத் தடுக்கச் சமூக வலைத்தளக் கணக்குகளை ஆதாருடன் இணைக்க வேண்டும் என்று மனுக்கள் வந்தன. பேச்சு அங்கிருந்து வாட்ஸ்அப் செய்தியின் மூலத்தைக் கண்டுபிடிப்பதற்கு நகர்ந்தது. ஒவ்வொரு செய்தியோடும் அதை முதலில் அனுப்பியவரின் அடையாளத்தைச் சேர்த்து அனுப்பலாம் என்று ஐ.ஐ.டி. மெட்ராஸ் பேராசிரியர் வி. காமகோடி 2019இல் யோசனை சொன்னார். 2021இல் ஒன்றிய அரசின் தகவல் தொழில்நுட்ப விதிகள், பெரிய செய்திச் செயலிகள் 'முதலில் அனுப்பியவரை' அடையாளம் காட்ட வேண்டும் என்று எழுதின. அதற்குச் சொன்ன காரணங்களில் நாட்டின் பாதுகாப்போடு வன்புணர்வும் பாலியல் படங்களும் இருந்தன. வாட்ஸ்அப் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. மறையாக்கத்தை உடைக்கச் சொன்னால் நாட்டைவிட்டே போய்விடுவோம் என்று 2024இல் சொன்னது. அந்த நிறுவனத்துக்கு வக்காலத்து வாங்க எனக்கு ஆசையில்லை. ஆனால் 'முதலில் அனுப்பியவர்' யார் என்று யோசியுங்கள். என்னிடம் வந்த இரண்டாமவளின் படத்தை முதலில் அனுப்பியவள் அவளேதான். காதலித்தவனுக்கு அனுப்பினாள். அந்த விதி நேராக அவளைத்தான் பிடித்துக் கொடுக்கும்.

சாதி மீறிக் காதலிக்கும் பெண்ணுக்கு, வீட்டுக்குத் தெரியாமல் மகளிர் அமைப்புக்குச் செய்தி அனுப்பும் மனைவிக்கு, பெண்ணைக் காதலிக்கும் பெண்ணுக்கு, யாரும் எட்டிப் பார்க்க முடியாத ஒரு உரையாடல் சொகுசு அல்ல, கவசம். எங்களைக் காப்பாற்ற என்று சொல்லி எங்கள் கவசத்தைக் கழற்றாதீர்கள்.

*

என்ன செய்யலாம் என்று கேட்பவர்களுக்கு, கைக்கு எட்டுவதைச் சொல்கிறேன்.

படம் வந்த செய்தியை அழிக்காதீர்கள். அழித்துவிடத்தான் கை பதறும். ஸ்க்ரீன்ஷாட்டோடு நிற்காமல், மூலச் செய்தி, அனுப்பிய எண், இணைப்பு முகவரி, நாள், நேரம் எல்லாவற்றையும் அப்படியே வையுங்கள். போனைக் கேட்டால், எதற்கு, எவ்வளவு பகுதி, எப்போது திரும்பும் என்று கேளுங்கள். பறிமுதல் மகஜர் இல்லாமல் கொடுக்காதீர்கள். பறிமுதலை ஒலி-ஒளியாகப் பதிவு செய்ய வேண்டும் என்கிறது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 105ஆவது பிரிவு. மின்னணுச் சாட்சியத்துக்கான சான்றிதழில் 'ஹேஷ்' எண் இருக்க வேண்டும். கோப்பிலிருந்து கணக்கிட்டு எடுக்கும் எண் அது. கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் எண் மாறிவிடும். அந்த எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

'ஸ்டாப் என்.சி.ஐ.ஐ.' என்று 2021இல் தொடங்கிய ஒரு சேவை இருக்கிறது. படம் உங்கள் போனைவிட்டு வெளியே போகாது. போனுக்குள்ளேயே அதற்கு ஒரு ஹேஷ் எண் உருவாகி, எண் மட்டும் போகும். சேவையில் சேர்ந்திருக்கும் தளங்கள் அந்த எண்ணோடு பொருந்தும் படத்தைத் தடுக்கும். படத்தின் ரேகை அவள் கையிலேயே இருக்கிறது. யாருக்கு எதிராக அதைப் பிடிப்பது என்பதை அவளே முடிவு செய்கிறாள். தொழில்நுட்பம் வேண்டாம் என்பவள் அல்ல நான். இப்படிப்பட்டது வேண்டும் என்கிறேன்.

சட்டம் செய்பவர்களிடம் ஒன்று கேட்க வேண்டும். வன்புணர்வு வழக்குகளில் பெண்ணின் அடையாளத்தை வெளியிடுவதை பாரதிய நியாய சன்ஹிதாவின் 72ஆவது பிரிவு குற்றமாக்குகிறது. ஆனால் அது 64 முதல் 71 வரையிலான பிரிவுகளோடு நின்றுவிடுகிறது. 77ஆவது பிரிவில், அதாவது படம் எடுக்கப்பட்டு அல்லது பரப்பப்பட்டுப் புகார் கொடுக்கும் பெண்ணுக்கு, அந்தக் காவல் இல்லை. அடையாளம் வெளிப்படுவதே அவளுக்கு நேர்ந்த கொடுமையாக இருக்க, அடையாளக் காப்பு அவளுக்குத்தான் இல்லை. இந்த ஓட்டையை அடையுங்கள். அவள் படத்தை அவளே பார்த்து அடையாளம் காட்ட வேண்டிய நிலை வந்தால், பெண் அதிகாரி ஒருவர் தவிர யாரும் அங்கே இருக்கக் கூடாது என்று எழுதுங்கள். அவளுடைய போனுக்கு முன்னால் அவனுடைய போன் ஆய்வகத்துக்குப் போக வேண்டும் என்று எழுதுங்கள்.

*

இரண்டாமவளோடு நானும் புகார் கொடுக்கப் போனேன். வழியில் நான் அவளுக்குச் சொல்லிக் கொடுக்க நினைத்ததை எல்லாம் அவளே எனக்குச் சொன்னாள். எந்தப் பிரிவு, எந்த விளக்கம் என்று ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தாள். எழுதுகிறவர் பேனாவை எடுத்தார். எதிர்பார்த்த கேள்வியே முதலில் வந்தது.

"போட்டோ யாரும்மா எடுத்தது?"

"நான்தான் சார் எடுத்தேன். என் போன்லதான். அது குத்தமில்ல. அத நாலு பேருக்கு அனுப்புனது யாருன்னு எழுதுங்க."

பேனா கொஞ்ச நேரம் தாளுக்கு மேல் நின்றது. பிறகு எழுதத் தொடங்கியது.

அவனுடைய போன் இப்போது ஆய்வகத்தில் இருக்கிறது. வழக்கு எப்போது முடியும் என்று தெரியாது. அவள் வீட்டில் இன்னும் யாரும் அவளோடு சரியாகப் பேசுவதில்லை. அவளும் என்னிடம் பேப்பர் எதுவும் கேட்கவில்லை. அடுத்த முறை யாராவது என் வீட்டுப் படி ஏறி, 'அக்கா, இது எந்தப் போன்ல எடுத்தது?' என்று கேட்டால், லேப்டாப்பைத் திறப்பதற்கு முன்னால் நான் முதலில் கேட்கப்போவது ஒன்றுதான்: "இதை யார் கேக்கச் சொன்னாங்க?"